மிதிவண்டியில் விழும் கீறல்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

புதிய மிதிவண்டி வாங்கிய வீட்டில் முதல் சில வாரங்களுக்கு அதற்குத் தனி மரியாதை இருக்கும். தினமும் துடைப்பார்கள். மழை வந்தால் வீட்டுக்குள் ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தொட்டால்கூட முகம் மாறும். பிறகு ஒரு நாள், பள்ளியில் வண்டி நிறுத்தும் இடத்தில் இன்னொரு வண்டியின் பெடல் உரசி, விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்துவிடும். பிள்ளைக்குத் திட்டு விழும். அதோடு வண்டியைத் துடைப்பதும் நின்றுபோகும். ‘அதுதான் கீறல் விழுந்துவிட்டதே, இனி என்ன’ என்ற எண்ணம் வந்துவிடும்.

இந்த இரண்டு மனநிலைகளுமே வண்டிக்கு நல்லவையல்ல. முதலில் தேவைக்கு மீறிய கவலை. பிறகு முழு அலட்சியம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில், கடற்கரைக்கு அருகில் வசித்துக்கொண்டு மிதிவண்டியில் சென்றுவருபவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன். சட்டகத்தில் (பட்டறை மொழியில் ‘ஃபிரேம்’) விழும் கீறல்களில் பெரும்பாலானவை வெறும் தோற்றக் குறைகள். வண்டியின் வலிமையை அவை இம்மியும் குறைப்பதில்லை. சில கீறல்களைச் சில நாட்களுக்குள் கவனித்தாக வேண்டும். இல்லையெனில் அவை துருவுக்கு வாசலாகிவிடும். மிகச் சில கீறல்கள் உண்மையில் கீறல்களே அல்ல, விரிசல்கள். அவற்றோடு ஒரு தெரு தாண்டுவதும் ஆபத்து. இம்மூன்றையும் பிரித்தறியப் பட்டறை அனுபவம் வேண்டியதில்லை. ஒரு விரல் நகம், ஒரு சிறு காந்தம், நல்ல பகல் வெளிச்சம் போதும்.

ஒரு வண்டியின் ஆயுள்

ஒரு கீறலுக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். மிதிவண்டி வெறும் விளையாட்டுப் பொருளாக இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய செய்தியல்லதான். ஆனால், நம் நாட்டில் பல லட்சம் பேருக்கு அது பள்ளிக்கும் வயலுக்கும் வேலைக்கும் போய்வரும் ஒரே வாகனம். பிகாரில் 2006-இல் தொடங்கப்பட்ட மாணவியர் மிதிவண்டித் திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கூறியது. தமிழ்நாட்டிலும் 2000-களின் தொடக்கத்திலிருந்து அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிகள் வழங்கப்பட்டு வருகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அது அவர்களுடைய நடமாட்டத்தை மாற்றியதும் நாம் அறிந்ததே.

இப்படிப்பட்ட ஒரு வண்டி ஐந்து ஆண்டுகள் ஓடுகிறதா, பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறதா என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய வேறுபாடு அல்ல. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். சட்டகம் போனால் வண்டியே போயிற்று. அந்தச் சட்டகத்துக்கு இருக்கும் ஒரே சட்டை அதன் வண்ணப்பூச்சு.

பூச்சு எதற்கு?

வண்ணப்பூச்சை அழகுக்கானது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். உருக்கு வண்டியைப் பொறுத்தவரை அழகு அதன் இரண்டாவது வேலைதான். முதல் வேலை, காற்றிலுள்ள உயிர்வளியும் ஈரமும் இரும்பைத் தொடாமல் தடுப்பது. தொழிற்சாலையில் குழாய்களைப் பற்றவைத்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, பல இடங்களில் பாஸ்பேட் கரைசலில் நனைத்து, அதன்மீது அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற மேல்பூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். சில வண்டிகளுக்கு இவற்றுக்குப் பதிலாகப் பவுடர் கோட்டிங். எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். பூச்சுக்கு அடியிலுள்ள குழாயின் சுவர்கூட, சாதாரண உருக்கு வண்டிகளில், ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான்.

கீறல் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடைபடாமல் வழுக்கிச் சென்றால், மேல்பூச்சில் மட்டுமே உரசல். துணியில் நீர் தொட்டுத் துடைத்தால் சிறிது நேரம் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிவதும் இவ்வகைதான். இதனால் வண்டிக்கு எந்தத் தீங்கும் இல்லை. நகம் சிக்குகிறது, ஆனால் கீறலின் அடியில் சாம்பல் அல்லது செம்பழுப்பு நிறம் மங்கலாகத் தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் அடிப்பூச்சு. பாதுகாப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. கீறலின் அடியில் பளபளவென்று உலோகம் தெரிந்தால் சட்டை கிழிந்துவிட்டது என்று பொருள்.

இவ்விடத்தில் பழைய வண்டிக்காரர்கள் ஒன்றை நினைவுகூரலாம். டயரில் உரசிச் சுழலும் டைனமோ விளக்கைப் போர்க்கில் பொருத்தும்போது, அதன் பிடிப்பானிலுள்ள கூர்முனைத் திருகாணி பூச்சைத் துளைத்து உலோகத்தைத் தொடும்படி முறுக்குவார்கள். விளக்கிலிருந்து மின்சாரம் திரும்பிவரத் தனிக் கம்பி கிடையாது. சட்டகமே அந்தக் கம்பி. வேண்டுமென்றே போட்ட அந்தக் கீறலிலிருந்துதான் பல பழைய வண்டிகளின் போர்க்கில் துரு இறங்கத் தொடங்கியது. ஊசிமுனை அளவுத் திறப்பு போதும் என்பதற்கு அதுவே சான்று.

உருக்கு, அலுமினியம், கார்பன்

இரண்டாவது கேள்வி, உங்கள் வண்டி எதனால் ஆனது என்பது. காந்தத்தைச் சட்டகத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உருக்கு. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சாதாரண வண்டிகளும் பள்ளிகளில் வழங்கப்படும் வண்டிகளும் இந்த வகையே. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியக் கலவை. விலை உயர்ந்த பந்தய வண்டிகளில் கார்பன் இழைச் சட்டகம் இருக்கும்; அதிலும் காந்தம் ஒட்டாது.

உருக்கில் உலோகம் தெரியும் கீறல் விழுந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்பு, உயிர்வளி, நீர் மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருப்பிடிக்கும் வேகம் கூடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி நிலைமை அதுதான். போதாததற்குக் கடற்காற்று சுமந்துவரும் உப்பு. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், துரு உண்டாக்கும் மின்வேதிவினை மேலும் விரைவாகும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. அதனால் கீறலின் ஓரத்தில் நல்ல பூச்சின் அடியிலும் புகுந்து, அதைக் கொப்புளம்போல் எழுப்பி உதிர்க்கும். அங்கே புதிய இரும்பு வெளிப்படும். துருவுக்கு மீண்டும் இரை. விரல் நீளக் கோடு ஒன்று இரண்டு மழைக்காலங்களில் உள்ளங்கை அகலத் திட்டாவது இப்படித்தான்.

அலுமினியத்தின் கதை வேறு. அது காற்றைத் தொட்ட கணமே தன்மீது சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பின் துருபோல அது உதிர்வதில்லை. ஒட்டிக்கொண்டு கீழேயுள்ள உலோகத்தைக் காக்கிறது. ஆகவே அலுமினியச் சட்டகத்தில் ஒரு கீறல் விழுந்து அப்படியே கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. உப்புக் காற்றில் உருக்குத் திருகாணிகள் அதனோடு சேரும் இடங்களில் மட்டும் வெண்பொடி பூக்கும். அங்கே கவனம் வேண்டும்.

கார்பன் இழையிலும் துரு என்ற பேச்சு இல்லை. மேல்பூச்சில் விழுந்த கீறல் அழகுக் குறைதான். ஆனால் கீறலை உண்டாக்கியது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாவிக்கொத்து உரசியிருந்தால் கவலை இல்லை. வண்டி கல்லின்மீது விழுந்தோ, வாகனம் இடித்தோ உண்டான தடம் என்றால், வெளியே சிறு கீறலும் உள்ளே பிளந்த இழைகளுமாக இருக்கலாம். நாணயத்தால் லேசாகத் தட்டிப் பார்க்கும்போது, சுற்றிலும் கணீரென்ற ஒலியும் அந்த இடத்தில் மட்டும் மந்தமான ஒலியும் வந்தால், தெரிந்தவரிடம் காட்டாமல் ஏறக் கூடாது.

கீறல்போல் தோன்றும் விரிசல்

கீறலும் விரிசலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் இந்தப் பகுதி எல்லாவற்றிலும் முக்கியமானது. கீறலுக்கு வெளியிலிருந்து ஒரு காரணம் இருக்கும். எதனோடு எங்கே உரசியது என்பதை அதன் திசையே சொல்லிவிடும். பார் மீதும் பக்கவாட்டிலும்தான் பெரும்பாலும் விழும். விரிசல் உள்ளே ஏற்படும் அயர்வால் வருவது. ஹேண்டில்பார் அமரும் தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடம், பெடல் அச்சு அமரும் கூட்டின் சுற்றுப்புறம், இருக்கைக் குழாயின் உச்சி, பின்சக்கரம் மாட்டும் முனைகள், போர்க்கின் தோள் ஆகிய இடங்கள், அதாவது பற்றவைப்பு உள்ள இடங்கள்தான் அதன் இருப்பிடம். பற்றவைத்த கோட்டின் ஓரமாகவோ குழாயைச் சுற்றியோ மயிரிழைபோல் ஓடும் கோட்டைக் கண்டால் ஐயப்பட வேண்டும். உருக்கு வண்டியில் அந்தக் கோட்டிலிருந்து செம்பழுப்பு நீர் கசிந்த தடம் இருந்தால் ஐயம் வலுக்கும். ஏறி மிதிக்கும்போது புதிதாக ஒரு முனகல் ஒலி கேட்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க ரயில்வே பணிமனைகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கையாண்ட எளிய முறை ஒன்று உண்டு. ஐயமுள்ள இடத்தை நன்கு துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணத்தூளைப் பூசுவார்கள். வெறும் கீறல் என்றால் எண்ணெய் துடைப்பிலேயே போய்விடும். விரிசல் என்றால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் ஒரு கோடாகத் தெரியும். வீட்டில் மண்ணெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ, கரும்பலகைச் சுண்ணக்கட்டியோ போதும். ஆனால், கோடு தெரியவில்லை என்பதாலேயே ஐயத்தை விட்டுவிடக் கூடாது. பட்டறையில் காட்டித் தீர்ப்பு கேட்கும்வரை வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவதே முறை. உருக்கில் விரிசலைத் தேர்ந்தவர் பற்றவைத்துச் சரிசெய்ய முடியும். அலுமினியத்தில் பற்றவைப்பின் சூடு சுற்றியுள்ள உலோகத்தின் வலிமையைக் குறைத்துவிடுவதால் பெரும்பாலும் சட்டகத்தை மாற்றுவதே வழி. விரிசலுக்கு மேல் வண்ணம் பூசி மறைப்பது மட்டும் எந்தச் சட்டகத்துக்கும் தீர்வல்ல. பழைய வண்டி வாங்குபவர்கள், புதிதாகப் பூசப்பட்டு மின்னும் சட்டகத்தைக் கண்டால் பற்றவைப்பு இடங்களை இருமடங்கு உற்றுப்பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடியது

உருக்குச் சட்டகத்தில் உலோகம் தெரியும் கீறலை மூடுவது அரை மணி நேர வேலை. காயவிடும் நேரம் தனி. முதலில் சோப்பு நீரால் அந்த இடத்தைக் கழுவி, முழுதாக உலர்த்த வேண்டும். துரு தொடங்கியிருந்தால், உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும், பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். முதலில் சற்றுச் சொரசொரப்பான தாள், பிறகு 400-ஆம் எண் தாள். கீறலின் ஓரங்களில் எழும்பி நிற்கும் பூச்சையும் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். செங்குத்தான ஓரம் இருந்தால் புதிய பூச்சு அங்கே பிடிக்காது.

அடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, கைவியர்வை எல்லாம் போய்விடும். இதன் பிறகு அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது. பெயிண்ட் செய்யும் பலரும் விட்டுவிடும் படி இதுதான். பூச்சு உரிவதற்கு மட்டமான பெயிண்ட் காரணம் என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் துடைக்காத பிசுக்கின் வேலை.

பிறகு ரெட் ஆக்சைடு அடிப்பூச்சை மெல்லிய தூரிகையால் கீறலின்மீது மட்டும் தடவ வேண்டும். துருவும் ரெட் ஆக்சைடும் ஒரே இனம் என்பது இதிலுள்ள வேடிக்கை. இரண்டும் இரும்பின் ஆக்சைடுகளே. துரு நீர் உறிஞ்சும் பொருக்கு. அடிப்பூச்சில் உள்ளதோ எண்ணெயிலோ பிசினிலோ குழைத்த நுண்பொடி. அது காய்ந்ததும் நிறப்பூச்சு. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பிறகு பூச வேண்டும். எனாமல் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்துவிட்டாலும், உள்ளே இறுகப் பல நாட்கள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் பூட்டுச் சங்கிலியைச் சுற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைச் செய்வதைவிட, வெயில் காயும் ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நகப்பூச்சைத் தடவலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஊசி அளவுப் புள்ளிகளுக்குத் தடவலாம். விரைவில் காயும், எல்லா நிறத்திலும் கிடைக்கும், தூரிகையும் கூடவே வரும். ஆனால், வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியில் அது நெடுநாள் தாங்காது. சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். நிறம் அச்சாகப் பொருந்தவில்லையே என்று வருந்தவும் வேண்டியதில்லை. சற்று மாறிய நிறத்தில் மூடப்பட்ட கீறல், நிறம் தேடி ஆறு மாதம் திறந்து கிடக்கும் கீறலைவிட எவ்வளவோ மேல்.

மேல்பூச்சில் மட்டும் விழுந்த மெல்லிய உரசல்களுக்கு வண்ணமே வேண்டாம். கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டை மென்மையான துணியில் தொட்டுச் சிறிது தேய்த்தால் மங்கிவிடும். வெள்ளைப் பற்பசையும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். அதிலும் நுண்ணிய தேய்ப்புப் பொடி இருக்கிறது. பளபளப்பற்ற ‘மேட்’ பூச்சு கொண்ட வண்டிகளில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்னத் தொடங்கி, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை

துருவின்மீது நேரடியாக வண்ணம் பூசுவது முதல் தவறு. காற்றும் ஈரமும் ஏற்கெனவே துருவின் துளைகளில் குடியிருக்கின்றன. பூச்சு அவற்றை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. அடுத்தது, புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றால் துருவைத் தேய்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. அவற்றின் அமிலம் துருவைக் கரைப்பது உண்மைதான். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கிய பிறகு நாம் நன்றாகக் கழுவுகிறோம். வண்டியில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். தங்கிய அமிலம் மறுநாளே புதிய துருவைக் கொண்டுவரும். மூன்றாவது, தேங்காய் எண்ணெய். துடைத்தவுடன் வண்டி மின்னும்; சில நாட்களில் தெருப்புழுதியெல்லாம் அதில் ஒட்டிப் பசையாகும். அவசரத்துக்குக் கீறலின்மீது ஒரு துளி தடவி ஈரத்தைத் தள்ளிவைக்கலாம். பெயிண்ட் பூசுவதற்கு முன் அதை முற்றாக நீக்கியாக வேண்டும்.

நான்காவது எச்சரிக்கை உடல்நலம் குறித்தது. வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-இல் விதி வகுக்கப்பட்டது. அதற்கு முந்தைய காலத்துப் பழைய வண்டிகளின் பூச்சில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தாத்தாவின் வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோர் அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. நீர் தெளித்து, ஈரத்தாளால் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, கழிவைக் குழந்தைகள் விளையாடும் மண்ணில் கொட்டாமல் திரட்டி அகற்ற வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் இருக்கலாகாது.

சட்டகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணையும் மறந்துவிடக் கூடாது. பெடல் அச்சுக்கூட்டின் அடியிலோ இருக்கைக் குழாயிலோ இருக்கும் அந்த எண், வண்டி திருடுபோனால் உங்களுடையது என்று நிறுவ உதவும் அடையாளம். அதைத் தேய்த்து அழிக்காமலும் கெட்டிப் பூச்சால் மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கீறல் விழாமல் காப்பதற்கு நம் பட்டறைக்காரர்கள் அறிந்த வழிகள் எளியவை. பழைய டியூபை வெட்டிப் பூட்டுச் சங்கிலிக்கு உறையாக மாட்டுவது, பிரேக் கம்பி உரசும் இடத்தில் ஒட்டுநாடா சுற்றுவது, கேரியரும் ஸ்டாண்டும் சட்டகத்தைக் கவ்வும் இடத்தில் ரப்பர் துண்டு வைப்பது. ஒன்றை மட்டும் அவர்கள் சொன்னாலும் நாம் கேட்பதில்லை. புது வண்டியோடு வரும் பிளாஸ்டிக் உறையைக் கிழிந்து தொங்கும்வரை கழற்ற மாட்டோம். கீறலுக்கு அஞ்சி வைத்திருக்கும் அந்த உறைக்குள் மழைநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. கீறலே இல்லாமல் துருப்பிடித்த சட்டகங்களை நான் அதிகம் பார்த்தது அந்த உறைகளுக்கு அடியில்தான். வண்டி வாங்கிய அன்றே அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள்.

ஒரு சிறு புட்டி

தனிமனிதர் செய்யக்கூடியவை இவை. அமைப்பாகச் செய்ய வேண்டியதும் உண்டு. மகிழுந்து வாங்குபவருக்கு அதன் நிறத்துக்கு ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. அந்த எண்ணைச் சொன்னால் அதே நிறத்தில் சிறு புட்டியில் டச்-அப் பூச்சு கிடைக்கிறது. மிதிவண்டிக்கு நம் கடைகளில் அப்படிக் கேட்டு வாங்குவது எளிதாக இல்லை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து மிதிவண்டி செய்துவரும் மாநிலம் இது. நிறக் குறியீட்டைச் சட்டகத்தில் ஒட்டுவதும், அடிப்பூச்சு ஒன்று, நிறப்பூச்சு ஒன்று என இரண்டு சிறு புட்டிகளை வண்டியோடு தருவதும் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய சுமையாக இருக்க முடியாது.

அரசு வழங்கும் மிதிவண்டிகளுக்கு இது இன்னும் எளிது. ஒரே நிறத்தில் ஏராளமான வண்டிகள் வாங்கப்படுகின்றன. கொள்முதல் நிபந்தனைகளில் இந்தப் புட்டிகளையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். வண்டிகள் வழங்கப்படும்வரை பள்ளி மைதானங்களில் வெயிலிலும் மழையிலும் வரிசையாக நிற்கும் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். பொருத்தும்போதும் இறக்கும்போதும் ஒன்றோடொன்று உரசி விழும் கீறல்கள், பயனாளியின் கைக்கு வருமுன்பே துருப்பிடிக்கத் தொடங்குவது வீண் இழப்பு. குறைந்தது ஒரு கூரையும், வழங்கும் நாளன்று ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் நடத்தும் ஒரு மணி நேரச் செய்முறை வகுப்பும் சாத்தியமற்றவை அல்ல. துருப்பிடித்தலைப் பாடநூலில் வேதிவினையாகப் படிக்கும் மாணவர்களுக்கு, தங்கள் சொந்த வண்டியைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் கிடைக்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கீறலுக்காகத் திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை கீறல் விழுந்தால் அதைச் சொல்லாமல் மறைக்கும். சாலையில் வாகனம் இடித்துக் கீழே விழுந்ததையும், போர்க்கின் தோளில் புதிதாக ஒரு கோடு தெரிவதையும் சேர்த்தே மறைக்கும். முன்னதால் நட்டம் சிறிது பூச்சு. பின்னதால் நேரக்கூடியது வேறு. ஆகவே, வண்டியில் கோடு விழுந்திருக்கிறது என்று பிள்ளை வந்து சொன்னால், முதலில் ‘உனக்கு அடி ஒன்றும் படவில்லையே’ என்று கேட்போம். பிறகு வண்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பிள்ளையின் நகத்தாலேயே கீறலைச் சோதிக்கச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்புத்தாளும் தூரிகையும் எடுத்துக்கொண்டு இருவருமாக உட்காரலாம்.